இணைய வாசல் எல்லாருக்கும்! விலக்கு யாருக்கு?



இன்றைய தலையங்கம் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் கடைசி வரைக்கும் படிச்சிட்டுப் போங்க. இது நம்ம கையில இருக்கிற செல்போனுக்குள்ள தினமும் நடக்கிற அநியாயத்தைப் பற்றியது.

முதலில் ஒரு சின்ன சோதனை. உங்க போனில் செட்டிங்ஸ் போய் 'டாக்பேக்' என்பதை ஆன் பண்ணுங்க. ஐபோன் என்றால் 'வாய்ஸ்ஓவர்'. எப்படி ஆஃப் பண்றதுன்னு முன்னாடியே பார்த்து வச்சுக்கோங்க, இல்லன்னா தவிச்சுப் போயிடுவீங்க! இனி போன் உங்களுக்குத் திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டும். ஒரு தட்டு தட்டினால் பெயர் சொல்லும், இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். இப்போ கண்ணை மூடிக்கிட்டு, ஏதாவது ஒரு சேவைக்கு இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுப் பாருங்க.

பல தளங்களில் உங்க காதில் விழப்போவது இதுதான்: "பட்டன்... பட்டன்... படம்... பெயரில்லாத பட்டன்..."

எந்தப் பட்டன்? அதை அழுத்தினா விண்ணப்பம் போகுமா, இல்ல போட்டதெல்லாம் அழிஞ்சு போகுமா? யாரும் சொல்ல மாட்டாங்க. தட்டுத்தடுமாறிக் கடைசிப் படிக்கு வந்தால் 'கேப்ட்சா' வந்து நிற்கும். வளைஞ்சு நெளிஞ்ச எழுத்தைப் பார்த்து எழுதினால்தான் நீங்க மனிதன் என்று அந்த இயந்திரம் ஒத்துக்கும். பார்வை இல்லாதவர் பார்க்க முடியாது. அப்படின்னா அவர் மனிதர் இல்லையா?

▪ பிரவுசிங் சென்டரில் பறிபோகும் ரகசியம்

பார்வை மாற்றுத்திறனாளியான ஒரு கல்லூரி மாணவியை நினைச்சுப் பாருங்க. வகுப்பில் முதல் மாணவி. ஸ்கிரீன் ரீடர் மென்பொருளை வைத்துப் பாடம் படிக்கிறார், கட்டுரை எழுதுகிறார், மின்னஞ்சல் அனுப்புகிறார். உதவித்தொகை விண்ணப்பம் என்று வரும்போது மட்டும் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல், போனுக்கு வந்த ஓ.டி.பி. எல்லாத்தையும் முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்லணும். அவர் என்ன தட்டினார், சரியா தட்டினாரா என்பதைச் சரிபார்க்க வழியில்லை. தப்பா இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. ஓர் ஆண்டு போச்சு.

குறை அந்தப் பொண்ணுகிட்ட இல்லை தோழர்களே. அந்தத் தளத்தைக் கட்டினவங்ககிட்ட இருக்கு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர். அதோட கண்புரை வந்த அம்மா, கை நடுங்கும் தாத்தா, விபத்தில் கை ஒடிந்து மவுஸைப் பிடிக்க முடியாமல் இருக்கும் அண்ணன், சத்தம் கேட்காத அக்கா என்று நம்ம வீட்டு ஆட்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்க. இது ஒரு சிறு கூட்டத்தின் பிரச்சினையா?

▪ சட்டம் என்ன சொல்லுது?

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. கட்டடத்துக்குச் சாய்தளம் எப்படியோ, அப்படி இணையதளத்துக்கும் எல்லாரும் பயன்படுத்தத்தக்க தன்மை வேண்டும் என்பது இதன் அடிப்படை. அணுகல்தன்மை என்று சொல்வது இதைத்தான்.

சட்டத்தின் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகத்தில் வரும் உள்ளடக்கம் எல்லாம் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 46ஆம் பிரிவு, சேவை வழங்குவோர் அரசானாலும் தனியாரானாலும், விதிகள் அறிவிக்கப்பட்ட இரண்டு ஆண்டுக்குள் அவற்றின்படி சேவை தர வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில். இரண்டு ஆண்டு 2019 ஜூனிலேயே முடிஞ்சு போச்சு!

மீறினால்? 89ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை.

அரசு இணையதளங்களுக்கு 2009இலிருந்தே வழிகாட்டு நெறிகள் இருக்கு. 2018இலும் 2023இலும் அவை புதுப்பிக்கப்பட்டன. தொழில்நுட்பத்துக்கென்றே ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தர அளவு இருக்கு. 2023 மே மாதம் அது சட்ட விதிகளுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. ஆக, சட்டம் இருக்கு, விதி இருக்கு, தர அளவு இருக்கு.

அப்புறம் ஏன் அந்த மாணவி இன்னும் பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்கிறார்?

▪ இடுக்கு வழி எங்கே?

நம்ம சட்டத்தில் விலக்கு என்று சொல்லக்கூடியவை மூணு இடத்தில் இருக்கு.

ஒன்று, 3ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு கூடாது என்று சொல்லிவிட்டு, "நியாயமான நோக்கத்தை அடைவதற்கு அளவான வழி அதுதான் என்று காட்டினால்" மட்டும் விலக்கு தருகிறது. காட்ட வேண்டியது யார்? பாகுபாடு செய்தவர்தான்.

இரண்டு, அளவுக்கு மீறிய சுமை என்ற வாதம். இது 'நியாயமான தனி ஏற்பாடு' என்பதற்கான விளக்கத்தில் வருகிறது. இங்கேதான் நிறையப் பேர் குழப்புறாங்க. ஒரு தனிமனிதருக்காக அவர் கேட்கும் தனி ஏற்பாட்டைச் செய்து தருவது வேற. தளத்தையே முதலிலிருந்து எல்லாருக்கும் ஏற்றபடி கட்டுவது வேற. சுமை என்ற வாதத்தைச் சட்டம் வைத்திருப்பது முன்னதுக்குத்தான். அதைத் தூக்கிட்டு வந்து, "எங்க தளத்தை மாற்ற முடியாது, சுமையா இருக்கு" என்று சொன்னால் அது சட்டமல்ல, சாக்கு.

மூன்று, கால நீட்டிப்பு. 46ஆம் பிரிவிலேயே, சில வகைச் சேவைகளுக்கு மட்டும், தலைமை ஆணையரைக் கலந்துகொண்டு மத்திய அரசு கூடுதல் அவகாசம் தரலாம் என்று இருக்கு. அவகாசம் என்றால் தாமதமாகவாவது செய்யணும் என்று அர்த்தம். செய்யவே வேண்டாம் என்று அர்த்தமில்லை.

இந்த மூணிலும் 'கண்டுக்காம விட்டுடலாம்' என்று எங்கேயும் எழுதலை. ஆனால் நடைமுறையில் என்ன நடக்குது? காகிதத்தில் விலக்கு கொஞ்சம். நாட்டில் எல்லாருக்கும் விலக்கு! விண்ணப்பிக்காமலே விலக்கு, காரணம் சொல்லாமலே விலக்கு, காலக்கெடு இல்லாத விலக்கு.

இதுக்கு வசதி செய்து கொடுத்தது ஒரு விதி. 2017 விதிகளில் 15ஆம் விதி. கட்டாயம் என்று சட்டம் சொன்னதை, விதிக்குள்ள கொண்டுவரும்போது வெறும் பரிந்துரைகளாக இருந்த வழிகாட்டு நெறிகளோட கோர்த்துவிட்டார்கள். 'செய்யணும்' என்பது 'செய்தால் நல்லது' என்று ஆயிடுச்சு.

இதைத்தான் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8ஆம் தேதி பிடித்தது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கு அது. 15(1) விதி, தாய்ச்சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பு வந்தது. யாரும் தட்டிக்கழிக்க முடியாத கட்டாய விதிகளைத் தனியாகப் பிரித்து, மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவு போனது. அந்த மூன்று மாதம் 2025 பிப்ரவரியோடு முடிஞ்சது.

ஒரு மனிதர் 2005இல் நீதிமன்றப் படி ஏறுகிறார். 'கட்டாயம் என்றால் கட்டாயம்தான்' என்று சொல்ல வைக்க 19 வருஷம் ஆச்சு. இந்த நாட்டில் ஒரு சொல்லுக்கு அதன் அர்த்தத்தை வாங்கித் தரவே இவ்வளவு காலம் ஆகுது!

▪ கண் சிமிட்டினால்தான் வங்கிக் கணக்கா?

2025 ஏப்ரல் 30ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு. பிரக்யா பிரசுன் வழக்கு. வங்கிக் கணக்கு தொடங்க, சிம் கார்டு வாங்க, இப்போ எல்லாத்துக்கும் இணையவழி கே.ஒய்.சி. கேமரா முன்னாடி நின்னு கண்ணைச் சிமிட்டினால்தான் நீங்க உயிரோட இருக்கிற ஆள் என்று நம்பும். அமில வீச்சில் முகம் சிதைந்து, இமை அசைக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? கேமராவுக்குள் முகம் சரியா விழுதா என்று பார்க்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தெளிவாகச் சொன்னது: இணைய வசதியை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி. மொத்தம் 20 வழிகாட்டு உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன. இதற்கு அப்புறமும் இது தொழில்நுட்பப் பிரச்சினை, ஐ.டி. ஆட்கள் பார்த்துப்பாங்க என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. வாழ்வுரிமைப் பிரச்சினையைக் கீபோர்டு முன்னாடி உட்கார்ந்திருக்கிற தம்பி தலையில் கட்டிட்டுத் தப்பிக்கக் கூடாது.

கொரோனா காலத்தை மறந்துட்டோமா? தடுப்பூசிக்கு 'கோவின்' தளத்தில் பதிவு செய்யணும் என்றார்கள். அதில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒலி வடிவக் கேப்ட்சா இல்லை, பதிவை முடிப்பதற்குள் தளம் தானாக வெளியே தள்ளிவிடுகிறது என்றெல்லாம் 2021 மே 31ஆம் தேதி உச்ச நீதிமன்றமே பட்டியல் போட்டது. உயிர் காக்கும் ஊசிக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு பெட்டி எழுத்து நின்றது. அதை விடவா பெரிய பாடம் வேணும்?

▪ தமிழுக்கு நேரும் தனி அவலம்

இதில் தமிழ் பேசும் நமக்கென்று ஒரு கூடுதல் தொல்லை இருக்கு. தளத்தில் ஏற்றப்படும் ஆவணங்களைப் பாருங்க. காகிதத்தில் அச்சடித்து, கையெழுத்து போட்டு, முத்திரை குத்தி, அதை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக ஏற்றுவாங்க. நம்ம கண்ணுக்கு அது ஆவணம். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் புகைப்படம். ஒரு எழுத்தைக்கூட வாசிக்காது.

இன்னும் சிலது பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் இருக்கும். திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்து. ஸ்கிரீன் ரீடர் அதை "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று வாசிக்கும். அம்மா என்ற சொல்லே இப்படி ஆகிறது என்றால், பத்துப் பக்க அரசாணை என்ன கதியாகும்?

யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010லேயே தர அளவாக ஏற்றுக்கொண்டது. ஆக இதுக்குப் புதுச் சட்டமும் வேண்டாம், கோடிக்கணக்கில் பணமும் வேண்டாம். தட்டச்சு செய்த கோப்பை ஸ்கேன் செய்யாமல் அப்படியே ஏற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தமிழ் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை ஆஸ்திரேலியாவில் ஒரு பார்வை மாற்றுத்திறனாளிதான் 2006இல் எழுதத் தொடங்கினார். இன்றைக்கு உலகமே பயன்படுத்துது. அவங்க தங்கள் பங்கைச் செய்துட்டாங்க. நாம நம்ம பங்கைச் செய்தோமா?

▪ விலக்கே வேண்டாமா?

"எல்லாருக்கும் கட்டாயம்னா, தையல் கடை வச்சிருக்கிற அக்கா ஒரு வலைப்பக்கம் போட்டால் அவங்களுக்கும் 10,000 ரூபாய் அபராதமா?" நியாயமான கேள்வி. விலக்கே கூடாது என்று நாமும் சொல்லலை. விலக்குக்கு ஓர் ஒழுங்கு வேணும் என்று சொல்றோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தைப் பாருங்க. அவர்களின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் விலக்கு உண்டு. 10 பேருக்கும் குறைவான ஆட்கள், ஆண்டு வருமானம் 20 லட்சம் யூரோவுக்குள் இருக்கும் குறு நிறுவனம் சேவை தந்தால் அதற்கு விலக்கு. அந்தத் தேதிக்கு முன்பே போடப்பட்ட பழைய காணொளிக்கும் பழைய கோப்புக்கும் விலக்கு.

பெரிய நிறுவனம் 'சுமை அதிகம்' என்று சொன்னால்? சொல்லலாம். ஆனால் கணக்குப் போட்டு எழுத்தில் வைக்கணும். அந்த ஆவணத்தை 5 ஆண்டு பாதுகாக்கணும். அதிகாரி கேட்டால் காட்டணும். அணுகல்தன்மைக்காகவே வெளியிலிருந்து நிதி வாங்கியிருந்தால் இந்த வாதமே செல்லாது. முக்கியமான ஒன்று: முன்னுரிமை தரவில்லை, நேரமில்லை, தெரியாது என்பதெல்லாம் ஏற்கத்தக்க காரணங்கள் அல்ல என்று அந்தச் சட்டத்தின் முகப்புரையிலேயே எழுதி வச்சிருக்காங்க.

நம்ம ஊரில் சொல்லப்படுகிற காரணங்களை ஞாபகப்படுத்திப் பாருங்க. "இப்போதைக்கு முன்னுரிமை இல்லைங்க", "நேரம் இல்லைங்க", "இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாதுங்க." மூணும் அங்கே செல்லாத காசு!

இன்னொரு வேடிக்கை கேளுங்க. சென்னையிலும் கோவையிலும் இருக்கிற மென்பொருள் நிறுவனங்களில், வெளிநாட்டு வாடிக்கையாளர் தளத்துக்கு அணுகல்தன்மைச் சோதனை செய்வது அன்றாட வேலை. நம்ம பிள்ளைகள்தான் செய்றாங்க. அந்த நாட்டுப் பாட்டிக்கு ஏற்றபடி தளம் கட்டத் தெரிந்த கைக்கு, நம்ம ஊர்ப் பாட்டிக்குக் கட்டத் தெரியாதா? தெரியும். அங்கே கேட்கிறார்கள், இங்கே கேட்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

▪ முதலில் நம்ம வீட்டைப் பெருக்குவோம்

மற்றவரை நோக்கி விரல் நீட்டுவதற்கு முன்னாடி, நம்ம பக்கத்தையே எடுத்துக்குவோம். மாநாட்டுத் தேதி, ஊர்வலம் புறப்படும் இடம், நேரம் எல்லாத்தையும் ஒரு வண்ணப் படத்துக்குள் எழுதிப் போட்டோம். அதுக்கு மேலே 'அனைவரும் வாரீர்' என்று ஒரு வரி. ஸ்கிரீன் ரீடர் வாசித்தது அந்த ஒரு வரியைத்தான். எங்கே வரணும், எப்போ வரணும் என்பது படத்துக்குள் இருந்தது. பேச்சுக் காணொளிகளைப் போட்டோம், கீழே எழுத்து வரவில்லை. காது கேளாத தோழருக்கு அது வாயசைப்பு மட்டும்தான்.

அனைவரும் என்ற சொல்லுக்குள் அவங்க இல்லையா?

இது நம்ம தவறு. ஒப்புக்கொள்கிறோம். இந்தப் பதிவிலிருந்து மாற்றம் தொடங்குகிறது. இனி இந்தப் பக்கத்தில் வரும் ஒவ்வொரு படத்துக்கும் எழுத்து விளக்கம் இருக்கும். ஒவ்வொரு காணொளிக்கும் தமிழ் எழுத்துரை இருக்கும். விட்டுப்போனால் கமெண்டில் சுட்டிக்காட்டுங்க, திருத்துவோம். மாவட்ட, ஒன்றியப் பக்கங்களை நடத்தும் தோழர்களும் இதையே பின்பற்ற வேண்டுகிறோம்.

▪ நாம் கேட்பது

1. உச்ச நீதிமன்றம் சொன்ன கட்டாய விதிகளில் இணையதளமும் செயலியும் தெளிவாக இடம்பெற வேண்டும். 'பரிந்துரை' என்ற சொல் மறுபடியும் பின்வாசல் வழியா உள்ளே வரக் கூடாது.

2. விலக்கு கேட்கும் எந்த நிறுவனமும் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அது பொதுவெளியில் இருக்க வேண்டும். காலக்கெடு இருக்க வேண்டும். அதுவரைக்கும் மாற்று வழி ஒன்றை, தொலைபேசியோ நேரடி உதவியோ, கட்டணமில்லாமல் தர வேண்டும்.

3. சிறு கடைக்காரர், தனிநபர், சுயஉதவிக்குழு ஆகியோருக்கு அபராதத்துக்கு முன் அவகாசமும் இலவசப் பயிற்சியும் வேண்டும். வங்கி, மருத்துவமனை, போக்குவரத்து, கல்வி, தேர்வு, அரசு நலத்திட்டம் ஆகியவற்றுக்கு அளவைக் காரணம் காட்டி விலக்கு கூடாது.

4. தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தளங்களிலும் இனி ஏற்றப்படும் தமிழ் ஆவணங்கள் யூனிகோடில், வாசிக்கத்தக்க வடிவில் இருக்க வேண்டும். நலத்திட்ட விண்ணப்பங்களும் அரசாணைகளும் முதலில்.

5. தளம் கட்டும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனை வேண்டும். மாற்றுத்திறனாளிகளே சோதித்துப் பார்த்து ஒப்புதல் தராமல் ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை கொடுக்கக் கூடாது. அந்தச் சோதனை வேலைக்கு அவர்களுக்கு உரிய ஊதியம் தர வேண்டும்.

▪ நீங்கள் செய்யக்கூடியது

உங்க வீட்டில், தெருவில் யாராவது ஒரு தளத்தில் சிக்கி நின்றால், "நான் போட்டுத் தர்றேன்" என்று உதவுங்க. ஆனால் அதோட விட்டுடாதீங்க. எந்தத் தளம், எந்தப் பக்கம், எந்தப் படியில் நின்றது, என்ன தேதி என்று குறிச்சு வைங்க. சட்டப்படி ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். முதலில் அவருக்கு எழுதுங்க. பதில் இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதுங்க. மத்திய அரசு நிறுவனம் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையருக்கு எழுதுங்க. கடிதம் எழுதத் தெரியலைன்னா, பக்கத்தில் இருக்கிற நம்ம கட்சி அலுவலகத்துக்கு வாங்க. உட்கார்ந்து எழுதித் தர ஆள் இருப்பார்.

ஒரு புகார் ஒரு பட்டனுக்குப் பெயர் வாங்கித் தரும். நூறு புகார் ஒரு தளத்தையே திருத்தும்.

தோழர்களே, பொதுக் கிணற்றிலும் பொதுத் தெருவிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று போராடி வாங்கிய மண் இது. இன்றைக்கு உதவித்தொகையும், தடுப்பூசியும், வங்கியும், வேலைவாய்ப்பும் போய்ச் சேர்ந்திருக்கிற பொதுத் தெருவுக்குப் பெயர் இணையம். அந்தத் தெருவில் ஒருத்தர் நடக்க முடியலைன்னா, 'அவருக்குக் கால் சரியில்லை' என்று சொல்றது பழைய பழக்கம். 'தெரு சரியில்லை' என்று சொல்லப் பழகுவோம்.

அந்த மாணவி அடுத்த வருஷம் தன் விண்ணப்பத்தைத் தானே போடணும். தன் கடவுச்சொல் தனக்கு மட்டும் தெரியணும். நாம கேட்பது அவ்வளவுதான்.

உரிமைக்குக் குரல் கொடுப்போம்! விலக்குக்குக் கணக்குக் கேட்போம்!

#இணையமும்_பொதுத்தெருவே
#விலக்குக்குக்_கணக்கு_எங்கே
#அனைவரும்_என்றால்_அனைவரும்தான்